உண்டைவில்லும் வில்யாழும்

1

மலிவான பொருள் குற்றமற்றது என்றொரு நம்பிக்கை நம்மிடையே இருக்கிறது. யாரும் அதைக் கோட்பாடாக வகுத்து எழுதியதில்லை. எழுதினால் உடனே மறுத்துவிடலாம் என்பதாலேயே அது எழுதப்படாமல் நம் பேச்சிலும் ரசனையிலும் அரசியலிலும் ஊறிக் கிடக்கிறது. கையால் செய்தது, காசு செலவில்லாமல் செய்தது, சுற்றுவட்டாரத்தில் கிடைத்ததைக் கொண்டு செய்தது என்று சொன்ன மாத்திரத்தில் அந்தப் பொருள்மீது ஒரு தார்மிக வெளிச்சம் விழுந்துவிடுகிறது. ராட்டை, மண்பானை, ஓலைப்பெட்டி, முந்நூறு பிரதி அச்சாகும் பத்திரிகை எல்லாம் இந்த வெளிச்சத்தில்தான் நிற்கின்றன. எதிர்த்திசையில் ஆலை, பிளாஸ்டிக், லட்சக்கணக்கில் விற்கும் வாரப் பத்திரிகை. இந்தப் பாகுபாட்டில் ஓரளவு உண்மை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதே வரிசையில் வில்லைக் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகிறது? வில் ராட்டையைவிடப் பழையது. ராட்டையைவிடச் செலவு குறைந்தது. ஒரு கம்பு, ஒரு கயிறு, அவ்வளவே. முழுக்க முழுக்கக் கையால் ஆவது. ஆனால் அது ஆயுதம். கைவேலைக்கும் மலிவுக்கும் நாம் தரும் நற்சான்று இதற்கும் பொருந்துமா, பொருந்தாதென்றால் எந்த இடத்தில் அறுபடுகிறது என்பதே இங்கு என் பிரச்னை.

நான் இருக்கும் மேலநீலிதநல்லூர், சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல் ஊர். 2019 வரை திருநெல்வேலி மாவட்டம், இப்போது தென்காசி மாவட்டம். ஒன்றியத் தலைமையிடம், ஒரு கல்லூரி உண்டு. வில்லுக்கென்று வாகான மரம் இங்கு கண்ணில் படுவதில்லை. சீமைக்கருவேலம் வேண்டிய மட்டும் உண்டு, ஆனால் நேராக நாலடி ஓடாது, முடிச்சு விழும். மூங்கில் கரிசலின் மரமல்ல. ஏணிக்கும் பந்தலுக்கும் விலைக்கு வருவதுதான். ஆனாலும் பையன்கள் எப்போதும் வில் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள். தென்னை ஈர்க்கு, மூங்கில் சிம்பு, கிழிந்த குடையின் கம்பி, சோளத்தட்டை அம்பு, அதன் நுனியில் உடைமுள். இப்போது ஆழ்குழாய்க் கிணறு தோண்டியபின் மிஞ்சும் பிவிசி குழாய்த் துண்டும் இந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. நெருப்பில் வாட்டினால் இளகும்; சப்பையாக்கி வளைக்கலாம். கொஞ்சம் அதிகமாக வாட்டினால் நெஞ்சைப் பிடிக்கும் அமிலப்புகை வரும், அதைப் பையன்கள் பொருட்படுத்துவதில்லை. ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றின் இறக்கைகள் கண்ணாடியிழையால் ஆனவை. இன்றைய பந்தய விற்களின் கைகளும் பெரும்பாலும் கண்ணாடியிழையோ கரியிழையோ சேர்ந்தவைதான். பொருள்களின் உலகில் அந்த வானளாவிய இறக்கைக்கும் போட்டி வில்லுக்கும் உள்ள உறவு, அந்த வில்லுக்கும் எங்கள் தெருப் பையனின் குழாய்க்கும் இல்லை. ஆனால் இயக்கத்தின் தளத்தில் மூன்றும் ஒன்றுதான்: வளைந்து, தாங்கி, திரும்ப நிமிர்வது.

2

வில் செய்வதில் முதலில் புலப்படுவது, வில் என்பது ஒரு பொருளல்ல, இரண்டு எதிர்நிலைகளின் சமரசம் என்பது. வளைத்த கம்பின் வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் நசுங்குகிறது. நடுவில் எங்கோ ஒரு கோடு இழுபடவும் இல்லை நசுங்கவும் இல்லை. வெளிப்புறத்தின் இழுவையைத் தாங்காத மரம் பிளந்து முறியும். உட்புறத்தின் நசுங்கலைத் தாங்காதது வளைந்தபடியே நின்றுவிடும். மூங்கிலில் நார்கள் தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஆகவே தெரிந்தவன் தோலைச் சீவுவதில்லை. தோற்புறத்தை வெளியே, குறியை நோக்கி வைத்து, உட்புறத்தை மட்டும் செதுக்குகிறான். அழகாக வழவழப்பாக்க வேண்டுமென்று தோலைச் செதுக்கினவனின் வில் முதல் இழுப்பிலேயே நார் நாராகக் கிளம்பும். குழாய் வில்லின் கதி வேறு: முறியாது, வெயிலில் வளைத்து வைத்தால் நிமிர மறந்துவிடும்.

அடுத்தது, சீராக வளையச் செய்தல். இரு கைகளும் ஒத்து வளைகின்றனவா என்று நாணை மெல்ல இழுத்துப் பார்த்து, விறைத்து நிற்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் செதுக்கி, மறுபடி இழுத்துப் பார்த்து, மறுபடி செதுக்கி... இதுதான் வேலையின் பெரும்பகுதி. அவசரப்படுகிறவனை இது பழிவாங்கிவிடும். கம்பின் அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதியாகிறது. கனத்தைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒன்றாகிறது. கனத்தில் ஒரு மயிரிழை கூடுதலாகப் போய்விட்டால் திரும்ப ஒட்டவைக்க முடியாது. எழுத்தில் ஒரு சொல்லை நீக்கிவிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இங்கே அந்த வசதி இல்லை.

நாண் ஏறிய பிறகும் இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, அம்பில்லாமல் இழுத்து விடக்கூடாது. அம்போடு போகவேண்டிய விசை போக இடமில்லாமல் வில்லின் கைகளுக்கே திரும்புகிறது. அப்படித்தான் பல நல்ல விற்கள் முறிகின்றன. இரண்டு, வேலை முடிந்ததும் நாணை இறக்கி வைக்க வேண்டும். எப்போதும் நாணேறி நிற்கும் வில் சீக்கிரமே வெறும் வளைந்த கம்பாகிவிடும்.

இவ்வளவையும் எழுதும்போது, ஒரு சபலம் தலைகாட்டுகிறது. பொறுமை, அளவு, எதிர்நிலைகளின் சமன், ஓய்வு என்று இந்த வேலையிலிருந்து ஒரு முழு ஒழுக்கவியலையே உருவிவிடலாம் போலிருக்கிறது. செய்வினை மனிதனைப் பண்படுத்துகிறது, ஆகவே வில் செய்கிறவனும் வில் பழகுகிறவனும் தம்மையறியாமல் நல்லவர்களாகிறார்கள் என்று முடித்துவிடலாம். பலர் முடித்திருக்கிறார்கள். ஆனந்த குமாரசாமி 1943இல் வில்வித்தையின் குறியீட்டியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்; பல மரபுகளிலும் வில் ஆன்மிகச் சாதனையாக விளங்கியதை அதில் காட்டினார். இந்தப் பார்வையை உலகெங்கும் பரப்பியது ஜெர்மானியத் தத்துவப் பேராசிரியர் ஆய்கென் ஹெரிகெல் 1948இல் வெளியிட்ட ஸென் வில்வித்தை பற்றிய சிறு புத்தகம். 1920களில் ஜப்பானில் ஆவா கென்ஸோ என்ற ஆசானிடம் பயின்ற அனுபவம் அது. எய்பவன் எய்வதில்லை, எய்தல் தானாக நிகழ்கிறது, ‘நான்’ கரைந்துபோகிறது என்று அந்தப் புத்தகம் சொல்லும்போது வாசகனுக்குச் சிலிர்க்கிறது. அந்தப் பேராசிரியர் 1937இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். 1944-45இல், அந்த ஆட்சியின் கடைசி மாதங்களில், எர்லாங்கன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். ‘நான்’ கரைந்த இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்ற கேள்வியை அந்தப் புத்தகம் எழுப்பவே இல்லை.

இதை ஒரு தனிமனிதரின்மேல் சேறு வீசுவதற்காகச் சொல்லவில்லை. ஒரு கோட்பாட்டின் எல்லையைக் காட்டச் சொல்கிறேன். செய்நேர்த்தி ஒரு குணம். அறம் வேறொரு குணம். முன்னது பின்னதற்குப் பயிற்சி தருவதாகத் தோற்றம் காட்டுகிறது, உத்தரவாதம் தருவதில்லை. வில் சீராக வளைவது வில்லுக்கு நல்லது. எதிரே நிற்பவனுக்கு அது நல்லதா என்பது வில்லை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது.

3

எதிரே நிற்பது என்று சொன்னேன். சமீபத்தில் எங்கள் தெருவில் பன்னிரண்டு வயதிருக்கும் பையன் ஒருவன் ஏணிக்கு வாங்கிய மூங்கிலில் மிஞ்சிய துண்டைப் பிளந்து ஒரு வில் செய்தான். நைலான் கயிறு நாண். நன்றாகவே செய்திருந்தான், தோலை வெளியே விட்டிருந்தான், யார் சொல்லிக் கொடுத்தார்களோ. மூன்றாம் நாள் அவன் அம்பு பக்கத்து வீட்டு ஆச்சியின் கோழியின் காலில் பட்டது. சாகவில்லை, நொண்டியது. பையனைக் கேட்டபோது, கண்ணில் நீர் முட்ட, விளையாட்டுக்குத்தான் விட்டேன் என்றான். அது பொய்யல்ல. ஆச்சி சத்தம் போடவில்லை, நஷ்டமும் கேட்கவில்லை. கோழியை மடியில் இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: “வெளாட்டுக்குன்னு சொல்லுதான். அது கோழிக்குத் தெரியுமாய்யா?”

அறவியல் நூல்கள் பல பக்கங்களில் சுற்றிவரும் இடத்தை இந்த ஒரு கேள்வி நேராகத் தொட்டுவிடுகிறது. விளையாட்டு என்பது எய்தவனின் பக்கத்து விவரணை. எய்தவனின் நோக்கம், வயது, வில்லின் விலை, அம்பு வெறும் சோளத்தட்டை என்ற உண்மை எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. படும் பக்கத்தில் இவை ஒன்றும் இல்லை. காயம் மட்டுமே இருக்கிறது. நோக்கத்தைக் கொண்டு செயலை எடைபோடும் தத்துவமும் விளைவைக் கொண்டு எடைபோடும் தத்துவமும் வாதாடிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் இரண்டுமே எய்தவனின் பக்கத்தில் நின்றுகொண்டுதான் வாதாடுகின்றன. ஆச்சி நின்ற இடம் வேறு.

தமிழில் இந்த இடத்தில் முன்பே நின்று பார்த்த ஒருவன் உண்டு. கம்பன். வால்மீகியின் மந்தரைக்கு ராமன்மேல் அவ்வளவு பகை ஏன் என்பதற்குத் தனிப்பட்ட காரணம் எதுவும் காட்டப்படவில்லை. கம்பனில் காரணம் இருக்கிறது: சிறுவனாயிருந்த ராமன் கைவில்லிலிருந்து எய்த மண்ணுருண்டை அவள் கூன்மேல் பட்டிருக்கிறது. முடிசூட்டுச் செய்தியைக் கேட்ட கணத்தில் அவள் உள்ளத்தில் எழுவது அந்த உண்டையின் நினைவுதான். இந்தக் கூனும் உண்டைவில்லும் கம்பனுக்கு முன்பே ஆழ்வார் பாசுரங்களில் வந்துவிட்டவை. அங்கு அது பெரும்பாலும் பாலலீலை, ரசிக்க வேண்டிய குறும்பு. கம்பன் அதே நிகழ்ச்சியை எடுத்து, பட்டவளின் பக்கம் திருப்பி வைக்கிறான். லீலை காயமாகிறது.

யோசித்துப் பார்த்தால் ராமாயணத்தில் இரண்டு விற்கள் இருக்கின்றன. ஒன்று மிதிலையில் முறிந்த சிவதனுசு. தேவர்களின் சம்பந்தம், ஊர்வலம், ஓசை எல்லாம் அதற்கு உண்டு. மற்றது இந்த விளையாட்டு வில்; இதற்குப் பேர்கூடக் கிடையாது; எறிபொருள் களிமண். காவியத்தின் பெருந்துயர் முழுவதும் கிளம்புவது இரண்டாவதிலிருந்து. விலைமதிப்பில்லாத வில் ஒரு கல்யாணத்தைக் கொண்டுவந்தது. விலையே இல்லாத வில் பதினான்கு வருஷ வனவாசத்தையும், ஒரு தகப்பனின் சாவையும், ஒரு யுத்தத்தையும் கொண்டுவந்தது.

இதைவிட முக்கியமானது கிஷ்கிந்தா காண்டத்தில் வருகிறது. சுக்ரீவனுக்கு முடிசூட்டியபின் ராமன் அவனுக்கு அரசியல் சொல்கிறான். அந்த அறிவுரைகளுக்கிடையே, சிறியவர்கள்தானே என்று எண்ணி யாருக்கும் நோவு செய்யாதே என்கிறான். அதற்குச் சான்றாகத் தன் கதையையே காட்டுகிறான்: நான் அந்த நெறியைத் தாண்டி ஒரு தீமை செய்தேன், அந்தக் கூனியால் இந்தத் துயரக் கடலில் விழுந்தேன் என்று. காட்டில், நாடிழந்து, மனைவியை இழந்து நிற்கும் ஒருவன், தன் கேட்டுக்குக் காரணமானவளைச் சபிக்கவில்லை. மாற்றாந்தாயைக் குறை கூறவில்லை. விதி என்று தப்பவும் இல்லை. ஒரு மண்ணுருண்டையை நினைவுகூர்கிறான். அதை விளையாட்டு என்று சொல்லாமல் தீமை என்று பெயரிடுகிறான். ஆச்சியின் கேள்விக்கு எய்தவனின் பக்கத்திலிருந்து வந்த பதில் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பக்தி விமர்சகர்கள் இந்த இடத்தை ராமனின் பெருந்தன்மை என்று பாராட்டிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். பகுத்தறிவு விமர்சகர்கள் இந்த இடத்துக்கு வருவதே இல்லை. காவியத்தின் தார்மிக மையம் இங்கே இருக்கலாம் என்ற சந்தேகம் இரு தரப்புக்கும் வரவில்லை.

4

வில்லை அதன் வடிவத்திலிருந்து கண்டித்துவிட முடியாது. குறளின் 279ஆம் பாட்டு அம்பையும் யாழையும் எதிரெதிரே வைக்கிறது: நேராயிருப்பது கொடிது, வளைந்திருப்பது இனிது, ஆகவே தோற்றத்தைப் பார்க்காதே, செயலைப் பார் என்பது அங்கு வாதம். வள்ளுவர் கவனமாக அம்பைத்தான் எடுத்துக்கொண்டார். வில்லை எடுத்திருந்தால் உவமை சிக்கலாகியிருக்கும். ஏனெனில் வில்லும் வளைந்ததுதான், யாழும் வளைந்ததுதான். இரண்டும் ஒரு கொம்பும் நரம்பும்தான். நேர், கோணல் என்ற பாகுபாடு அங்கே வேலை செய்யாது. ஒரே வடிவம் கொல்லவும் பாடவும் செய்கிறது என்ற சங்கடமான உண்மையை நேரே பார்க்க வேண்டிவரும்.

அதை நேரே பார்த்த பாட்டு பெரும்பாணாற்றுப்படை. உருத்திரங்கண்ணனார் அதில் ஓர் இடையனைக் காட்டுகிறார். தீக்கடைகோலால் கடைந்த நெருப்பில் துளையிட்டுக் குழல் செய்து ஊதுகிறான். அது அலுத்துப்போகிறது. குமிழ மரத்தின் உட்டுளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகத் தொடுத்து ஒரு வில்யாழ் செய்கிறான்; அதில் குறிஞ்சிப் பண்ணை வாசிக்கிறான். வண்டுகள் அதைத் தம் இனத்தின் ஒலி என்று மயங்கி வந்து கேட்கின்றன. பொருட்செலவு எதுவும் இல்லாத வேலை இது. காட்டில் கிடைத்த கொம்பு, காட்டில் கிடைத்த நார்.

மரல் என்ற இந்தச் செடியின் சரித்திரம் சுவாரஸ்யமானது. சான்சிவீரியா என்ற பெயரில் அறியப்பட்ட இனம் அது; ஆங்கிலத்தில் அந்த இனத்துக்கு ‘வில்நாண் சணல்’ என்று பொருள்படும் பெயர் உண்டு, அதன் நார் நாணுக்கு அவ்வளவு உகந்தது. அதாவது இடையன் யாழுக்கு நரம்பாகத் தொடுத்ததும், வேட்டுவன் வில்லுக்கு நாணாகத் திரித்ததும் ஒரே செடியின் நார். இன்று அதன் உறவுச் செடிகள் நகரத்து வரவேற்பறைகளில் தொட்டியில் நிற்கின்றன. அந்த மூன்று நிலைகளில் எதிலும் செடிக்குப் பங்கில்லை.

இடையனின் செயலை ஆயுதத் துறவு என்று நாம் வருணிக்க வேண்டியதில்லை. குழல் அலுத்தது, அதனால் செய்தான் என்றுதான் பாட்டு சொல்கிறது. இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கலாம். வேட்டுவனின் நாண் ஒலித்தால் உயிர்கள் விலகி ஓடும். இந்த நரம்பு ஒலித்தால் வண்டு நெருங்கி வருகிறது. மயங்கித்தான் வருகிறது, ஆனாலும் வருகிறது. எதிரே நிற்பதற்கும் வில்லுக்கும் உள்ள உறவு இப்படியும் இருக்கலாம் என்று அந்தக் கணம் காட்டுகிறது.

எங்கள் பக்கத்தில் இதற்கு வேறொரு வடிவம் உண்டு. வில்லுப்பாட்டு. குடத்தின்மேல் கிடத்திய பெரிய வில், அதில் கட்டிய மணிகள், தோல் நாண், வீசுகோல், உடுக்கு. வேட்டைக்குப் போனவர்கள் களைப்பாறும்போது வில்லைக் குடத்தோடு சேர்த்துக் கட்டித் தட்டிப் பாடியதில் பிறந்தது என்று கர்ணபரம்பரை. அது உண்மையா என்பது இருக்கட்டும். கோயில் கொடைகளில் இந்த வில்லை அடித்து என்ன கதை பாடுகிறார்கள் என்பதுதான் முக்கியம். புராணக் கதைகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் அநியாயமாகச் செத்தவர்களின் கதை. சாதி விட்டு இரண்டு சக்கிலியச் சகோதரிகளை மணந்து, மாடு கவர வந்தவர்களோடு போரிட்டுச் செத்த முத்துப்பட்டன், நா. வானமாமலை பதிப்பித்த கதை அது. பசியில் பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த நல்லதங்காள். கொல்லப்பட்டவர்கள் தெய்வமாகி, தங்கள் கதையைக் கேட்கக் கொடைக்கு வருகிறார்கள். ஆயுதத்தின் வடிவத்தை எடுத்து, அதை அடித்து, அடிபட்டவனின் கதையைச் சொல்வது என்பது சாதாரணமான விஷயமல்ல. கம்பனின் ராமன் ஒருமுறை செய்ததை இந்த ஊர்கள் வருஷாவருஷம் செய்கின்றன. சுப்பு ஆறுமுகம் போன்றவர்கள் வில்லை நகர மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுபோனபோது அது பிரசாரத்துக்கும் நகைச்சுவைக்கும் பழகிக்கொண்டது. அதில் தவறில்லை, ஆனால் சுடலையின் முன்னால் ஒலிக்கும் நாணுக்கு இருக்கும் கடன் மேடையில் ஒலிப்பதற்கு இல்லை.

5

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், எழ வேண்டும். எளிய வில் எப்போதும் இளவரசன் கையில் இருந்ததில்லையே; பெரும்பாலும் அது இல்லாதவன் கையில்தானே இருந்திருக்கிறது என்று. சரிதான். பழசிராஜாவோடு நின்று வயநாட்டில் கம்பெனிப் படையை எதிர்த்த குறிச்சியர்களின் கையில் இருந்தது வில். 1899-1900இல் சோட்டாநாக்பூரில் பிர்ஸா முண்டாவின் ஆட்கள் துப்பாக்கிகளுக்கு எதிரே பிடித்ததும் வில். பில் என்ற பழங்குடிப் பெயரே வில் என்ற திராவிடச் சொல்லிலிருந்து வந்தது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. இவர்கள் வில்லை அதன் எளிமைக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. வேறெதுவும் கைக்கு எட்டவில்லை. இவர்களிடம் போய் ‘அது எதிரே நிற்பவனுக்குத் தெரியுமா’ என்று கேட்பது அசட்டுத்தனம் மட்டுமல்ல, அயோக்கியத்தனமும்கூட.

ஆகவே நான் முதலில் தேடிய அறுபடும் இடம் வில்லில் இல்லை, அதன் விலையில் இல்லை, அதைச் செய்தவனின் நேர்த்தியில் இல்லை. எய்யும் திசையில் இருக்கிறது. உண்டை அரண்மனையிலிருந்து வேலைக்காரிக் கிழவியை நோக்கி, மேலிருந்து கீழே வந்தது. பிர்ஸாவின் அம்பு கீழிருந்து மேலே போனது. ‘சிறியவர் என்று எண்ணி’ என்பதுதான் ராமன் தன் வாக்குமூலத்தில் வைத்த நிபந்தனை. அவன் அரசனுக்குப் பேசினான் என்பதை மறக்கக்கூடாது. ஆனால் திசை நிலையானதல்ல. ஏகலைவனின் கதையில் கட்டைவிரலைப் பற்றி எழுதாத நவீன கவிஞன் இல்லை, எழுதத்தான் வேண்டும். களிமண்ணில் தானே ஆசானைப் பிசைந்து கற்ற வித்தையை ராஜகுமாரர்களின் ஆசான் வந்து அறுத்துக்கொண்டு போனது நம் சரித்திரத்தின் ஸ்தூலமான உண்மை. ஆனால் அந்தக் கதையில் ஒரு நாயும் இருக்கிறது. குரைத்ததற்காக ஏகலைவன் அதன் வாயை ஏழு அம்புகளால் அடைத்தான். அந்த நேர்த்தியைக் கண்டுதான் பாண்டவர்களே வியந்தார்கள். மேலே நிற்பவனுக்குக் கீழே நிற்கும் ஒருவன், இன்னொன்றுக்கு மேலே நிற்கிறான். துரோணரின் குற்றம் இதனால் ஒரு குன்றிமணியும் குறையாது. ஆனால் நாயையும் சேர்த்துப் படிக்காதவரை அந்தக் கதையை முழுசாகப் படித்ததாகாது.

இன்னொரு விதமான பொய்யையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எளிய வில்லைக் கொண்டாடும் பொய். ராஜஸ்தானின் பழங்குடி இளைஞர் லிம்பா ராம் மூங்கில் வில்லோடு வளர்ந்து 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக்ஸில் எய்தார். ராஞ்சிப் பக்கத்து ஆட்டோ ஓட்டுநரின் மகள் தீபிகா குமாரி மாங்காய்க்குக் கல்லெறிந்தும் மூங்கில் வில்லில் பழகியும் வளர்ந்து 2010 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். பதக்கம் வந்தபின் பத்திரிகைகள் அந்த மூங்கிலைக் கவிதையாக்குகின்றன. ஆனால் உலகப் போட்டியில் மூங்கிலைக் கொண்டு யாரும் ஜெயிப்பதில்லை. அங்கே வேண்டிய வில்லும் அம்புகளும் லட்சத்தைத் தாண்டும். மூங்கில் வில்லுக்கென்று உள்நாட்டில் ‘இந்தியச் சுற்று’ என்று ஒரு போட்டிப் பிரிவு உண்டு. அதில் சிறந்தவர்கள் அந்த வில்லோடு எல்லையைத் தாண்ட முடியாது. மலிவை அழகாக்குகிறவர்கள் பெரும்பாலும் மலிவோடு வாழ வேண்டியிராதவர்கள். தேர்ந்தெடுத்த எளிமை வேறு, விதிக்கப்பட்ட எளிமை வேறு. இரண்டுக்கும் ஒரே வெளிச்சத்தைப் பாய்ச்சுவது ரசனைக் குறைபாடல்ல, அறக் குறைபாடு.

6

இவ்வளவும் வில்லைப் பற்றி மட்டுமே என்றால் இதை இந்தப் பக்கங்களில் எழுத வேண்டியதில்லை. சிறுபத்திரிகையும் கைவில்தான். 1959இல் செல்லப்பா ‘எழுத்து’ ஆரம்பித்ததிலிருந்து நாம் இதைத்தான் செய்துவருகிறோம்: கிடைத்த காகிதம், கைக்காசு, கொஞ்சம் நண்பர்கள். இந்த மலிவு நமக்குச் சுதந்திரத்தைத் தந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விளம்பரதாரன் இல்லை, ஆகவே பயமில்லை. ஆனால் இந்த மலிவிலிருந்தே நாம் ஒரு குற்றமின்மையையும் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டிருக்கிறோம். நம்மை யார் படிக்கிறார்கள், முந்நூறு பேர், இது நமக்குள்ளான பேச்சு, விமர்சனம் என்றால் கூர்மையாகத்தான் இருக்கும், தாங்காதவன் எழுத வரக்கூடாது. இவையெல்லாம் எய்தவனின் பக்கத்து விவரணைகள். வாசகர்கள் முந்நூறு பேர்தான் என்பது, அந்த முந்நூறு பேருக்கு முன்னால் சிதைக்கப்பட்ட முதல் கவிதைத் தொகுப்புக்காரனுக்கு ஆறுதலல்ல. அவனுக்கு உலகமே அந்த முந்நூறு பேர்தான்.

திசையையும் பார்க்க வேண்டும். பெரும் நிறுவனங்களையும் வியாபார எழுத்தையும் நோக்கி, கீழிருந்து மேலே எய்வதாக நாம் சொல்லிக்கொள்கிறோம். அப்படி எய்ததும் உண்டு. ஆனால் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தால், நம்முடைய நேர்த்தியான அம்புகளில் எத்தனை அந்த உயரத்துக்குப் போயின, எத்தனை பக்கத்து வீட்டுக் கோழியின் காலில் பட்டன என்று கணக்கிடலாம். நிறுவனங்கள் நம்மைப் படிப்பதே இல்லை. ஆகவே அவற்றுக்கு நோவதில்லை. நோகிறவன் நம்மைப் படிக்கிறவன், நம்மைப் போலவே கைக்காசு போட்டு எழுதுகிறவன்.

கூர்மையை விட்டுவிட வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவதும் வில்லுக்குக் கேடு. எதையும் நோக்காமல் எல்லாரையும் பாராட்டும் விமர்சனம் அதைப் போன்றது, கடைசியில் எழுதியவனின் மொழியையே முறித்துவிடும். எப்போதும் நாணேறி நிற்கும் மனமும் அதேபோல் ஒருநாள் வெறும் கோணலாக எஞ்சிவிடும். அதற்கும் நம்மிடையே உதாரணங்கள் குறைவில்லை. நான் கேட்பது இதைவிடச் சின்ன விஷயம். சுக்ரீவனிடம் ராமன் செய்தது: எய்ததை நினைவில் வைத்துக்கொள்வது, விளையாட்டு என்ற பெயரை எடுத்துவிட்டுப் பட்டவனின் பக்கத்துப் பெயரை அதற்கு இடுவது. நம் விமர்சன மரபில் எய்தவை பற்றிய பெருமித நினைவுகள் ஏராளம். பட்டவர்களைப் பற்றி ஒரு பக்கமாவது இருக்கிறதா என்று யாராவது தேடிப் பார்த்துச் சொன்னால் நன்றாயிருக்கும்.